கட்டைவிரல் அளவு பள்ளம்

கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. எர்மெக் தெர்மாகோல் விமானத்தின் மூக்கை அதற்கு எதிரே ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அந்தச் சிறு குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். தெர்மாகோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அமுங்கிய இடத்தில் சூடு பட்டால், உள்ளே நசுங்கிக் கிடக்கும் மணிகள் மூச்சு இழுத்த மாதிரி உப்பி, பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் பொறுமை வேண்டும். கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனால் வெந்து சுருங்கிவிடும். தள்ளிப் பிடித்தால் அசையவே அசையாது.

குழி மெல்ல மேலே வந்தது. அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சமம். “வந்தியா வழிக்கு!” என்று சொல்லி, விமானத்தைத் திருப்பி அடுத்த குழியைத் தேடினார்.

குழிகளுக்கா பஞ்சம்? இறக்கையின் ஓரத்தில் இரண்டு, வாலில் ஒன்று, முதுகில் சுத்தியல் விழுந்த வடு. எல்லாம் மகன் தாலாயின் அவசரம். வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்த அன்று, அம்மா ஃபிரிட்ஜைப் பார்க்கும் முன்பே பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலை உருவிக்கொண்டு ஓடியவன் அவன். சூடான கம்பியால் அதைச் செதுக்கி உடம்பு செய்தான். வீட்டுக் கூரையின் உட்புறத்தில் ஒட்டுகிற மெல்லிய தெர்மாகோல் பலகைகளைச் சந்தையில் வாங்கிவந்து இறக்கை செய்தான். இரண்டே வாரம். எர்மெக் ஒரு விமானத்துக்கு ஒரு பனிக்காலம் முழுதும் எடுத்துக்கொள்வார்.

“ஏண்டா, இந்தப் பள்ளத்தையெல்லாம் நிரப்ப மாட்டியா?” என்று அப்போதே கேட்டார்.

“பறந்தாப் போதும்ப்பா. மேல போனப்புறம் எவன் பள்ளத்தப் பாக்கப்போறான்?”

“எறங்கி வந்தப்புறம் நான் பாப்பேன்ல?”

“அப்ப நீங்க கண்ண மூடிக்கங்க.”

செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் வெற்று நிலத்தில் ஞாயிறுதோறும் விமானம் விடுகிற ஆட்கள் ஆறேழு பேர். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: எர்மெக்கின் விமானம் கடையில் வாங்கியது போல இருக்கும்; தாலாய் செய்கிற எந்த விமானமும் நாய் மென்று துப்பியது போல இருக்கும்; ஆனால் நாய் மென்றதுதான் நன்றாகப் பறக்கும்.

இதற்கு அவன் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, மோட்டாரும் வைக்கவில்லை. “ஓஷ் டவுன்ல லோடு எறக்கிட்டு வந்து அடிக்கறேன்” என்று சொல்லிவிட்டு லாரி ஏறினான். பிப்ரவரி மாதம். மலைக் கணவாயில் பனிச்சரிவு இறங்கியபோது கீழே வரிசையாக நின்ற லாரிகளில் அவனுடையது நடுவில் இருந்தது. முன்னால் நின்றவனும் பிழைத்தான், பின்னால் நின்றவனும் பிழைத்தான்.

விமானம் அவன் கட்டிலுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று, ஒரு நூலில் தொங்கியது. அதை யாரும் தொடக்கூடாது. அவன் அம்மா சாய்ரா மட்டும் தினம் காலையில் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தூசி தட்டுவாள். பாலர் பள்ளியில் சமையல் வேலை அவளுக்கு. விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஆனாலும் அந்த ஸ்டூல் இழுபடும் சத்தம் ஒரு நாளும் தவறியதில்லை. பக்கத்து அறையில் போர்வைக்குள் படுத்திருக்கும் எர்மெக் அதையும், வெகுநேரம் கழித்து அவள் இறங்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே கிடப்பார். போகவும் மாட்டார். என்ன பேசுவது? பிள்ளை போனதிலிருந்து இருவரும் உப்பு, விறகு, ரொட்டி என்ற அளவில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுச் சடங்கை, பிப்ரவரிக்குக் காத்திராமல், பனிக்கு முன்பே முடித்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் நாள் குறித்தார்கள். அதன் பிறகு சாய்ரா துக்கத் துணியைக் கழற்ற வேண்டும். அழவும் கூடாது. அழுதால் போனவனுக்குப் போகிற வழியில் வெள்ளம் என்பார்கள். அப்போதுதான் எர்மெக் வாயைத் திறந்தார்.

“அதுக்கு முன்னால, அவன் செஞ்சத ஒரே ஒரு தடவை பறக்கவிட்டுறலாம் சாய்ரா. பெயின்ட் அடிச்சு, மோட்டார் வச்சு. அவன் ஆசப்பட்ட மாதிரி.”

நாள்கள் போயின. ஒரு வியாழக்கிழமை, போனவனுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தவள், கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எடுத்துக்கங்க. ஆனா அதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது.”

“ஒண்ணும் ஆகாது. கடையில வாங்கின மாதிரி ஆக்கித் தர்றேன் பாரு!”

அந்த வாக்கைத்தான் இப்போது கெட்டிலின் முன்னால் நின்று நிறைவேற்றிக்கொண்டிருந்தார். வயிற்றுப் பக்கம் திருப்பினார். இறக்கைக்குக் கொஞ்சம் கீழே, இடது விலாவில், இன்னொரு பள்ளம். மற்றவை போலக் கூர்மையாக இல்லை. வழவழவென்று, ஒரு பாதாம் கொட்டை படுத்துத் தூங்கிய இடம் போல. இவ்வளவு நாள் இது கண்ணில் படவில்லையே என்று நினைத்துக்கொண்டார். ஆவியில் காட்டினார். ஆழமான பள்ளம், அடம் பிடித்தது. ஈரத்துணியை வைத்து அதன்மேல் இஸ்திரிப்பெட்டியின் நுனியைத் தொட்டும் தொடாமலும் கொண்டுபோனார். துணியை எடுத்தபோது மாவு புளித்து எழுந்த மாதிரி அது எழுந்து நின்றது. மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. முடிந்தது.

எர்மெக்குக்கு வெகு நாளுக்குப் பிறகு சீட்டியடிக்கத் தோன்றியது.

சாய்ரா வரும்போது கைப்பையில் பாலர் பள்ளியில் மீந்த ரொட்டி இருந்தது. காலணியைக் கழற்றினாள். மேசையில் இருந்த விமானத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதைத் தூக்கினாள். வலது கை தானாக வயிற்றுப் பக்கம் போனது. நான்கு விரல் ஒரு புறம், கட்டைவிரல் மறு புறம். கட்டைவிரல் ஓரிடத்தில் போய் நின்றது, முன்னால் நகர்ந்தது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது. இருட்டில் கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரி இருந்தது அது.

“இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே.”

“எல்லாத்தையும் எடுத்தாச்சு!” என்றார் எர்மெக். “தடவிப் பாரு. சோப்புக் கட்டி மாதிரி இருக்கா இல்லையா? தாலாய் பாத்தா அவனோடதுன்னே நம்பமாட்டான்.”

சாய்ரா விமானத்தை மேசைமேல் வைத்தாள். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி வைத்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

பிறகு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். கத்தி அவள் கையில் இருந்தது, கிழங்கும் இருந்தது, தோல் மட்டும் இறங்கவில்லை. வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எர்மெக்குக்கு அந்தப் பள்ளம் விழுந்த நாள் நினைவுக்கு வந்தது.

ஜனவரி கடைசி. மோட்டார் வைக்கும் முன்பு விமானம் சும்மா எறிந்தால் நேராகப் போகிறதா என்று பார்ப்பது வழக்கம். வீட்டுக்குப் பின்னால் பீட்ரூட் வயலில் பனி மூடிக் கிடந்தது. சாய்ரா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். துணிகள் அட்டை போல விறைத்திருந்தன. மலையிலிருந்து காற்று. தாலாய் விமானத்தின் வயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அவன் இறுக்கிப் பிடித்தான். “நசுக்காதடா, நசுக்காத!” என்று எர்மெக் கத்தினார். அவன் சிரித்துக்கொண்டே ஓடி எறிந்தான். அது துணிக்கொடிக்கு மேலே மிதந்து, வைக்கோல் போரில் போய் அலுங்காமல் உட்கார்ந்தது. “அம்மா! பாத்தியா, பாத்தியா!” என்று கத்தினான் இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை.

இறுக்கிப் பிடித்த இடம். நான்கு விரல் ஒரு புறம், கட்டைவிரல் மறு புறம்.

தூசி தட்டுவதற்கு ஸ்டூலில் ஏறுகிறவள், ஏறியதும் இறங்க வேண்டியதுதானே? அவ்வளவு நேரம் ஏன் நின்றாள் என்று ஒரு காலையாவது போய்ப் பார்த்தாரா? பிள்ளையின் கை அவளுடைய கை. மெலிந்த, நீண்ட விரல்கள். அவன் விட்டுப்போன பள்ளத்தில் அவள் கட்டைவிரல் அச்சில் வார்த்தது போலப் பொருந்தியிருக்கும். காலைதோறும் அந்த வீட்டில் ஒரு தாயும் மகனும் கை கோத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைத்தான் அவர் இஸ்திரி போட்டு எடுத்திருக்கிறார்.

மறுநாள் சாய்ரா வேலைக்குப் போனாள். ஸ்டூல் சத்தம் கேட்கவில்லை. மேசையில்தானே இருக்கிறது விமானம், ஸ்டூல் எதற்கு? ஆனால் மேசைப் பக்கமும் அவள் போகவில்லை. எர்மெக் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நேராக வாசல் கதவுதான் திறந்து மூடியது.

வெயில் ஏறியதும் ஸ்லாவா வந்தான். மரம் அறுக்கும் பட்டறைக்காரன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி. மோட்டாரும் பேட்டரியும் ஒரு பையில், பெயின்ட் ஸ்ப்ரே டப்பா ஒன்று கையில்.

“அத வெளிய வையி!” என்று எர்மெக் கதவிலேயே மறித்தார். “தெர்மாகோலத் தின்னுற சரக்கு அது. ஒரு சொட்டுப் பட்டாப் போதும், டீயில போட்ட சர்க்கரையாட்டம் கரைஞ்சிரும்.”

“தெரியும்டா. என் வீட்டு வாசக் கேட்டுக்கு வாங்கினது. காலையிலேயே ஏன் இப்படி வள்ளுன்னு விழற? பொண்டாட்டி சோறு போடலியா?” ஸ்லாவா டப்பாவைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தான். “அடேயப்பா! மணப்பொண்ணுக் கன்னம் மாதிரி ஆக்கிட்டியே. தாலாயோட மொரட்டுக் கழுதையா இது?”

எர்மெக் நடந்ததைச் சொன்னார். பாதி சொல்லும்போதே ஸ்லாவாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

“மடையா” என்றான், மெதுவாக.

“ஆமா.”

“கேட்டிருக்கலாம்ல?”

“பள்ளத்த எடுக்கட்டுமான்னு எவன்டா கேப்பான்? பள்ளம்னா எடுக்கறதுதானே? நாப்பது வருஷமா ஒவ்வொரு விமானத்துலயும் அதத்தானே செய்யறேன்.”

ஸ்லாவா தேநீரை உறிஞ்சினான். பிறகு, “எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் போடத் தெரியாதா?” என்றான். “அதே எடத்துல அமுக்கிரு. என் வெரல வேணாலும் எடுத்துக்க. ஆனா வலது கட்டவெரல்ல பாதிய ரம்பம் தின்னுருச்சு.”

சொன்னவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். எர்மெக் எழுந்து மேசைக்குப் போனார்.

எங்கே இருந்தது என்று அவர் விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் விரல் நேற்று போய் நின்ற இடத்தை நினைவில் கொண்டுவந்தார். எறியப் போகிறவன் போல வயிற்றைப் பிடித்துத் தூக்கினார். காற்று பிடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். அழுத்தினார். தெர்மாகோல் ‘மொறுக்’ என்றது. அந்தச் சத்தத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தால், பள்ளம் இருந்தது. பஸ் ஓட்டிக் காய்த்த கட்டைவிரல் அது. வீட்டில் தாயும் மகனும் சேர்ந்து, “அப்பா வெரலா, மாவு உருட்டற கட்டையா?” என்று கேலி செய்த விரல். பாதாம் கொட்டை படுத்திருந்த இடத்தில் இப்போது ஒரு வால்நட் கொட்டை படுத்திருந்தது.

“அகலமாயிருச்சு” என்றார்.

“பெயின்ட் அடிச்சாத் தெரியாது.”

“தெரியும்.”

“அப்ப ஆவியில காட்டி மறுபடி எடுத்துரு.”

எர்மெக் கெட்டிலைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். தெர்மாகோலும் எத்தனை தடவைதான் பொறுக்கும்?

சாய்ரா வந்தபோது அவர் வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார்; பிளக்க வேண்டிய விறகு எதுவும் இல்லை, பிளந்ததையே மறுபடி பிளந்தார். ஜன்னல் வழியே மேசை தெரிந்தது. அவள் மேசையைக் கடந்து போனாள். திரும்பி வந்தாள். விமானத்தை எடுத்தாள். எர்மெக்கின் கையில் கோடாரி நின்றது.

கட்டைவிரல் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. அவள் அசையவில்லை. விரலை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விமானத்தைச் சாய்த்து, பள்ளத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மறுபடி விரலை வைத்தாள். இந்தத் தடவை மெதுவாக, சூடான சட்டியைத் தொடுகிறவள் மாதிரி.

சாப்பாடு முடிந்தது. பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டு, உருக்கிய ஆட்டுவால் கொழுப்பு இருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“கையக் காட்டுங்க.”

“எதுக்கு?”

“கட்டவெரல் வெடிச்சிருக்கு. குறுக்கால ஒரு கோடு. குளிர் வர்றதுக்கு முன்னாலயே இப்படின்னா, பனியில என்ன ஆகும்?”

எர்மெக் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். குறுக்கே ஒரு வெடிப்பு இருந்தது. அவருக்கே தெரியாது. அவள் எங்கே பார்த்தாள்? அவர் கையை அவள் பிப்ரவரிக்குப் பிறகு தொட்டதுமில்லை, பார்த்ததுமில்லை. அப்புறம்தான் புரிந்தது. தெர்மாகோலில் பதிந்த பள்ளத்தில் அந்தக் கோடும் பதிந்திருந்தது.

“சாய்ரா, நான் வந்து...”

“ஆட்டாதீங்க.”

கொழுப்பை வெடிப்புக்குள் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துளி நீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. சடங்குக்கு இன்னும் சில நாள் இருந்தது, அழலாம்.

பெயின்ட் அடிக்கும் வேலையில் அவளும் உட்கார்ந்தாள். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்து தோல் போல ஆனதும், முதுகுப் பக்கம் ஆரஞ்சு. தாலாய் வாங்கிவைத்திருந்த டப்பாவில் பாதி உறைந்துபோயிருந்தது, வடிகட்டி எடுத்தார்கள். எர்மெக் மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக என்று உயிரை வாங்கினார்.

“ரொட்டிக்கு வெண்ண தடவறியா? கனம் கூடினா வாலு தொங்கிரும்.”

“உங்க பஸ்ஸ விடவா கனம்?”

அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவள் குனிந்தே இருந்தாள்.

வயிற்றுக்குக் கறுப்புப் பட்டை. “இது எதுக்கு? அழகாவா இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒசரத்துல போனா எல்லாமே நெழலாத்தான் தெரியும். முதுகக் காட்டுதா வயித்தக் காட்டுதான்னு கீழ நிக்கறவனுக்குத் தெரியணும். தெரியலேன்னா, திருப்பறதா நெனச்சுத் தரையில குத்திருவான்.”

“குடுங்க, பட்டைய நான் போடறேன்.”

நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். பட்டை விலாவைச் சுற்றி வந்து பள்ளத்தை நெருங்கியது. பிரஷ் நின்றது. பிறகு பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே வளைந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபுறம் பட்டையோடு சேர்ந்தது. கறுப்புக்கு நடுவே, அகலமாக, வெள்ளையாக, குறுக்கே ஒரு கோட்டோடு அந்தப் பள்ளம் மட்டும் பெயின்ட் படாமல் நின்றது.

எர்மெக்கின் வாய் வரை வந்தது: ‘அது விட்டுப்போச்சே, அதையும் மூடிரு.’ நாற்பது வருடப் பழக்கம் அல்லவா? வாயை மூடிக்கொண்டார்.

சடங்குக்கு முந்தின நாள் காற்று இல்லை. செங்கல் சூளைப் புகை நேராக மேலே போனது. வீட்டில் உறவுக்காரப் பெண்கள் போர்சோக் பொரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த எண்ணெய் வாசனை வெற்று நிலம் வரைக்கும் வந்தது. ஸ்லாவா மோட்டாரைத் திருகிப் பார்த்தான். எர்மெக் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினார். மூக்கும் தாழாமல் வாலும் தாழாமல் அது நேராக நின்றது.

“நான் எறியட்டுமா?” என்றான் ஸ்லாவா.

“வேணாம்” என்றாள் சாய்ரா.

எர்மெக் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவள் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கினாள். நான்கு விரல் ஒரு புறம், கட்டைவிரல் மறு புறம். அவளுடைய மெலிந்த விரல் அந்தப் பெரிய பள்ளத்தில் ஒரு ஓரமாகத்தான் இருந்தது. மிச்ச இடம் காலியாகத் தெரிந்தது. அவர் மோட்டாரை முடுக்கினார். விமானம் அவள் கையில் துடித்தது.

“ஓடு... விடு!”

அவள் ஓடினாள். விடவில்லை.

“விடு சாய்ரா, விடு!”

துக்கத் துணி காலைத் தட்ட, தலைத்துணி நழுவ, கரடுமுரடான மண்ணில் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். “அம்மா தாயே, விட்டுரும்மா, கையோட பிய்ச்சுக்கிட்டுப் போயிரும்!” என்று ஸ்லாவா கத்தினான். சூளைச் சுவர் நெருங்கிவந்தபோது அவள் கை மேலே எழுந்தது.

விமானம் போயிற்று. ஒரு முறை தாழ்ந்தது. பிறகு புகையைத் தாண்டி ஏறியது. நாய் மென்றது போலத்தான் பறந்தது, அவ்வளவு நன்றாக. அவர் அதைத் திருப்பிக்கொண்டுவந்து அவள் தலைக்கு மேலே தாழ்வாகப் போகவிட்டார். ஆரஞ்சு மறைந்து வயிறு தெரிந்தது, கறுப்புப் பட்டை தெரிந்தது. வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடினார். அந்த வேகத்தில், கண்ணில் நீரோடு, ஒன்றும் தெரியவில்லை.

“எறக்கிரட்டுமா?” என்று கேட்டார்.

“பேட்டரி இருக்கற வரைக்கும் சுத்தட்டும்” என்றாள், அவர் பக்கம் திரும்பாமல்.

அவள் கை இன்னும் இறங்கவில்லை. தலைக்கு மேலே, நான்கு விரல் ஒரு புறமும் கட்டைவிரல் மறு புறமுமாக, நடுவே ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. கட்டைவிரலின் நுனி மட்டும் லேசாக, முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது.